இரண்டு நீலங்கள்

டைட்டானியம் சைக்கிள் பார்க்க வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர் முதலில் குனிவார். கியரையும் ஹேண்டில்பாரையும் அவர் அப்புறம்தான் பார்ப்பார். பெடல் அச்சு நுழையும் குழலுக்குப் பின்பக்கம், சேறு மட்டுமே போய் ஒட்டிக்கொள்கிற சந்தில், தலையைச் சாய்த்துக் கண்ணை ஓட்டுவார். சீட்டிலிருந்து இறங்கும் குழாய், முன்னாலிருந்து சரிந்து வரும் குழாய், பின்சக்கரத்தைப் பிடிக்கும் இரண்டு தண்டுகள், எல்லாம் வந்து முட்டுகிற இடம் அது. வெல்டிங் டார்ச் அங்கே முழுசாக நுழையாது, மணிக்கட்டு மடங்காது, பார்வையும் பாதி மறையும். மேலே எல்லோர் கண்ணிலும் படுகிற இணைப்பில் இருக்கும் அதே வரிசை, மீன் செதில் அடுக்கினாற்போல் இந்தச் சந்திலும் பிசகாமல் ஓடியிருந்தால், அவர் நிமிர்ந்து மூச்சு விடுவார். விலைப் பேச்சு அதற்குப் பிறகு.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஃபயர்ஃப்ளை என்றொரு சின்னப் பட்டறை இருக்கிறது. பெயருக்கு மின்மினி என்று பொருள். டைலர் எவன்ஸ், ஜேமி மெடிரோஸ், கெவின் உல்ஃப்சன் என்ற மூவர் 2011இல் தொடங்கியது. கடையில் வரிசையாக நிறுத்தி விற்கும் சரக்கு அவர்களிடம் கிடையாது. ஒருவர் கேட்டால் அவருடைய காலுக்கும் கைக்கும் முதுகுக்கும் ஏற்ப ஒரு ஃப்ரேம் வரைந்து, வெட்டி, பற்றவைத்துக் கொடுக்கிறார்கள். குனிந்து பார்க்கிறவர்கள் இந்தப் பட்டறையின் பெயரைச் சொல்லும்போது குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வது வழக்கம். ஏன் என்று தெரிந்துகொள்ள அந்த உலோகத்தின் குணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இரும்பு ஃப்ரேம் செய்கிறவருக்குக் கடைசியில் பெயின்ட் துணைக்கு வரும். பற்று எங்காவது கொஞ்சம் வழிந்திருந்தால் அரத்தால் தேய்த்து, மேலே இரண்டு பூச்சு அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. டைட்டானியம் துருப்பிடிக்காது என்பதால் அதற்குப் பெயின்ட் தேவையில்லை. பெரும்பாலான ஃப்ரேம்கள் வெறும் உலோகமாகவே, மழைமேகச் சாம்பல் நிறத்தில் வெளியே வருகின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பாக மின்னுகிற இல்மனைட் மணல் டைட்டானியத்தின் கனிமந்தான். உலகம் முழுக்கத் தோண்டி எடுக்கப்படும் இத்தகைய கனிமத்தில் மிகப் பெரும்பங்கு உலோகமாக மாறுவதே இல்லை. வெள்ளை நிறமியாகிப் பெயின்ட் டப்பாவுக்குள் போய்விடுகிறது. ஊருக்கெல்லாம் பூச்சு கொடுக்கிற தனிமம், தான் உலோகமாக நிற்கும்போது பூச்சு வேண்டாம் என்கிறது.

உலோகமாக்குவதும் லேசான வேலையில்லை. லக்ஸம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் கிரோல் வகுத்த வழியில்தான் இன்றும் பெரும்பாலும் நடக்கிறது. கனிமத்தைக் குளோரினோடு சேர்த்துத் திரவமாக்கி, காற்றுப் புகாத கலத்தில் மக்னீசியத்தோடு வினைபுரியவிட்டால், கடற்பஞ்சு போன்ற துளைத்துளையான உலோகம் மிஞ்சும். அதை மறுபடி உருக்கி, அலுமினியமும் வனேடியமும் கலந்து, குழாயாக இழுக்க வேண்டும். சைக்கிளுக்கு வருவது பெரும்பாலும் 3 சதவீதம் அலுமினியமும் 2.5 சதவீதம் வனேடியமும் சேர்ந்த கலவை. சைக்கிளுக்காக யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. விமானத்தின் ஹைட்ராலிக் எண்ணெய் ஓடுகிற குழாய்களுக்காக உருவானது, மலையேறும் மனிதர்களின் கால்களுக்கு இடையே வந்து சேர்ந்தது.

இந்தக் குழாயை இணைப்பதில்தான் கைத்திறன் முழுவதும் இருக்கிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங் என்று சொல்கிற அதே முறைதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி செய்கிறவரிடம் இருக்கும் கருவிகள் இங்கேயும் இருக்கும். வித்தியாசம் சுத்தத்தில். சூடேறிய டைட்டானியத்துக்கு அடங்காத பசி. 400 டிகிரியைத் தாண்டினாலே காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்ச ஆரம்பித்துவிடும். உறிஞ்சிய இடம் கண்ணாடிபோல் நொறுங்குகிற குணத்துக்கு மாறும். உருகுவதோ 1668 டிகிரியில். ஆகவே உருகும் துளியின் மேல் மட்டும் ஆர்கான் வாயு வீசினால் போதாது. துளி நகர்ந்த பின் ஆறிக்கொண்டிருக்கும் பகுதியையும் அந்த வாயு போர்த்த வேண்டும். குழாய்களின் உள்ளே இருக்கும் காற்றையும் வெளியேற்றிவிட்டு ஆர்கானால் நிரப்ப வேண்டும். அதற்கு முன்னால் முனைகளை அசிட்டோனால் துடைத்து, கையுறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும், விரல் எண்ணெய்கூடப் பற்றைக் கெடுக்கும் என்பதால். குழாய் முனையை இன்னொரு குழாயின் முதுகில் வெளிச்சம் புகாதபடி உட்காருமாறு வளைவாக வெட்டுவதும் இந்தச் சுத்தத்தில் சேர்த்தி. இடைவெளியைப் பற்றுக் கம்பியால் நிரப்பிச் சமாளிக்கிற பழக்கம் இங்கே செல்லாது.

தவறு நடந்ததா இல்லையா என்பதை உலோகமே நிறத்தில் சொல்லிவிடும். வெள்ளிபோல் பளிச்சென்று இருந்தால் பற்று சுத்தம். வைக்கோல் மஞ்சளென்றால் பரவாயில்லை என்பார்கள். அதுவே ஊதாவும் நீலமும் ஆனால் காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம். சாம்பல் மாவுபோல் வெளுத்தால் அந்தப் பற்றை வெட்டியெறிய வேண்டியதுதான். வெல்டிங்கின் ஓரத்தில் ஒரு விரற்கடை நீலம் தெரிந்தால் கைதேர்ந்தவர் முகம் சுளிப்பார். நீலம் இங்கே குற்றம்.

ஒரு தந்திரமும் உண்டு, மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த நிறத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் போய்விடும். மேற்பரப்பில் கண்ணாடி மணிகளைப் பீய்ச்சி மங்கலாக்கினாலும் போய்விடும். குழாயின் உட்புறமோ யாருக்குமே தெரியாது. ஆக, குனிந்து பார்க்கிறவர் படிப்பது பாதிக் கதையைத்தான். மீதியைப் பட்டறையின் பேரை நம்பித்தான் வாங்குகிறார். அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பாஸ்டன் வட்டாரத்துக்கு ஒரு குலமுறையே இருக்கிறது.

1970களில் டெலிடைன் டைட்டன் என்றொரு சைக்கிள் அமெரிக்காவில் வந்தது. கலவை சேராத டைட்டானியத்தால் ஆனது. எடை குறைவென்று வியந்து வாங்கினார்கள். மிதித்தால் நெளிந்தது, சில முறிந்தும் போயின. டைட்டானியம் சைக்கிளுக்கு ஒத்துவராது என்ற எண்ணம் பலருக்கு அப்போது விழுந்தது. அதை மாற்றியது 1986இல் பாஸ்டனுக்குப் பக்கத்தில் தொடங்கிய மெர்லின். கேரி ஹெல்ஃப்ரிச், மைக் ஆக்ஸ்பர்கர் முதலான சிலர் சேர்ந்து, விமானக் குழாய்க் கலவையைக் கொண்டு ஃப்ரேம் செய்தார்கள். டென்னசியில் லின்ஸ்கி குடும்பத்தினர் தங்கள் இயந்திரப் பட்டறையிலிருந்து லைட்ஸ்பீடைத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே சமயம்.

மெர்லின் பிற்பாடு கைமாறி, டென்னசிக்கே போய்விட்டது. மெர்லினில் தொழில் கற்றவர்கள் கூடப் போகவில்லை. ராப் வான்டர்மார்க் மெர்லினிலிருந்து வெளியேறி 1997இல் அருகிலுள்ள வாட்டர்டவுனில் செவன் சைக்கிள்ஸைத் தொடங்கினார். ஹெல்ஃப்ரிச் ஆரிகனில் உள்ள யுனைட்டட் பைசைக்கிள் இன்ஸ்டிட்யூட்டில் டைட்டானியம் ஃப்ரேம் கட்டுவதற்கு வகுப்பெடுத்தார். ஆக்ஸ்பர்கர் ஒன்-ஆஃப் என்ற பெயரில் தனியாகப் பட்டறை வைத்து, கால் இயங்காதவர்கள் காட்டுப்பாதையிலும் போகும்படி, கையால் சுற்றி ஓட்டும் சைக்கிளை உருவாக்கினார். ஆளுக்கு ஏற்ற வண்டி என்ற சொல்லுக்கு அதைவிட நேரான உதாரணம் கிடைக்காது. இதே வட்டாரத்தில் ஃபேட் சிட்டி என்ற பட்டறை விற்கப்பட்டு ஊரைவிட்டுப் போனபோது, அதன் தொழிலாளர்கள் சிலர் 1995இல் தாங்களே பங்காளிகளாகி இண்டிபெண்டன்ட் ஃபேப்ரிகேஷனை ஆரம்பித்தார்கள். அதுவும் 2011இல் நியூ ஹாம்ப்ஷயருக்குக் கிளம்பியது. அங்கே வேலை பார்த்தவர்கள்தாம் ஃபயர்ஃப்ளையின் மூவரும். ஒவ்வொரு முறை ஒரு கடை ஊரைவிட்டுப் போகும்போதும், கைவேலை தெரிந்த சிலர் மூட்டை கட்டாமல் இருந்துவிட்டதால் வளர்ந்த பரம்பரை இது.

பந்தய உலகம் இதற்குள் கார்பன் ஃபைபருக்கு மாறிவிட்டிருந்தது. இன்று பெரிய பந்தயங்களில் டைட்டானிய வண்டியைத் தேடிப் பிடிக்க வேண்டும். இந்தப் பட்டறைகளுக்கு அது நல்லதாகவே முடிந்தது. ஆண்டுக்கொரு மாடல் மாற்ற வேண்டிய ஓட்டம் இல்லை. இருபது வருஷம் ஓட்டப்போகிற ஒரே ஆளுக்காக யோசிக்க நேரம் கிடைத்தது.

அந்த யோசனை என்னவென்று பார்த்தால், டைட்டானியத்தைப் பற்றிய ஒரு கட்டுக்கதை உடைந்துவிடும். இந்த உலோகத்துக்கே மாயமான ஒரு மென்மை உண்டு, மேடு பள்ளத்தை விழுங்கிவிடும் என்று ரசிகர்கள் உருகுவார்கள். உலோகத்தின் கணக்கு வேறு. எடை இரும்பில் பாதிக்குச் சற்று மேல். விறைப்பும் கிட்டத்தட்டப் பாதிதான். இரும்புக் குழாயின் அதே அளவில் டைட்டானியக் குழாயைப் போட்டால் அது டெலிடைன் டைட்டனைப் போல் நெளியும். ஆனால் சுவரின் தடிமனை மாற்றாமல் விட்டத்தை மட்டும் பத்து சதவீதம் கூட்டினால், எடை பத்து சதவீதம்தான் ஏறும், வளையாத திறனோ முப்பது சதவீதத்துக்கு மேல் ஏறும். தயாரிப்பாளர் விளையாடுவது இந்தக் கணக்கோடுதான். 55 கிலோ எடையில் மலைப்பாதை ஏறுகிற பெண்ணுக்கு ஒரு விட்டம். 100 கிலோ எடையோடு பின்னால் மூட்டையும் கட்டிக்கொண்டு ஊர்சுற்றுகிறவருக்கு வேறு விட்டம். இருவருக்கும் ஒரே குழாயைப் போட்டால் ஒருவருக்குக் கட்டை, இன்னொருவருக்குக் கயிற்றுக்கட்டில். மென்மை என்று ரசிகர் சொல்வது குழாயைத் தேர்ந்த கையின் குணம். அதிலும் பாதிப் புகழ் அகலமான டயருக்குச் சேர வேண்டியது என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். சொல்லத்தான் வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உலோகம் உண்மையாகவே முரண்டு பிடிக்கும். இரும்பு ஃப்ரேம் பற்றவைத்ததில் கொஞ்சம் கோணினால், தட்டி வளைத்து நேராக்கலாம். டைட்டானியத்தை வளைத்தால், விட்டதும் பழைய இடத்துக்கே துள்ளித் திரும்பும். எனவே நேர்த்தியைப் பின்னால் கொண்டுவர முடியாது. பற்றவைக்கும்போதே வர வேண்டும். ஆறும்போது ஒவ்வொரு பற்றும் குழாயைத் தன் பக்கம் இழுக்கும். இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம், மேலே, கீழே என்று இழுப்புகள் ஒன்றையொன்று சரிக்கட்டுமாறு எந்த இணைப்பை எப்போது தொடுவது என்ற வரிசையை வெல்டர் மனதில் வைத்திருக்கிறார். செட்டியார் ஐந்தொகை போடுவதுபோல, கடைசி வரியில் இரண்டு பக்கமும் சமமாக வந்தாக வேண்டும்.

இவ்வளவையும் நல்ல பட்டறைகள் பலவும் செய்கின்றன. ஃபயர்ஃப்ளையைத் தனியே நிறுத்துவது அதன் நிறம். மங்கலான சாம்பல் உடம்பின் மேல் பெயரும் கோடுகளும் நீலமாக, பொன்னாக, ஊதாவாக, பச்சையாக ஒளிரும். தொட்டுப் பார்த்தால் விரலுக்கு மேடு தட்டாது. அங்கே பெயின்டும் இல்லை, சாயமும் இல்லை. மின்சாரம் பாயும் உப்புக் கரைசலில் டைட்டானியத்தை நனைத்தால் மேற்பரப்பில் ஆக்சைடு படலம் வளரும். தலைமயிர்ப் பருமனில் முந்நூறில் ஒரு பங்குக்கு மேல் போகாத அந்தப் படலத்தின் மேல்முகத்திலும் அடிமுகத்திலும் பட்டுத் திரும்புகிற ஒளி ஒன்றோடொன்று கலந்து, சில நிறங்கள் அடங்கி, சில எழும். மழைநாளில் தார்ச்சாலையில் சிந்திய பெட்ரோலில் தெரிகிற வானவில் இந்த வகைதான். மயில்கழுத்தின் நீலத்திலும் நீலச்சாயம் கிடையாது. வோல்ட் ஏற ஏறப் படலம் தடிக்கும். தடிமனுக்கேற்ப வெண்கலம், ஊதா, நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை என்று நிறம் நகரும். அசல் சிவப்பு மட்டும் எந்த வோல்ட்டிலும் வராது. குங்குமச் சிவப்பு கேட்டு வருகிறவர் பெயின்ட்காரரிடம்தான் போக வேண்டும்.

பல நிறங்கள் வேண்டுமென்றால் உயர்ந்த வோல்ட் நிறத்தை முதலில் முடித்து, பிறகு அதுவரை மூடிவைத்திருந்த இடத்தைத் திறந்து குறைந்த வோல்ட்டுக்கு வருவது வழக்கம். ஏற்கனவே தடித்த படலத்தைக் குறைந்த வோல்ட்டால் அசைக்க முடியாது என்பதால், முன்பு போட்ட நிறம் கெடாமல் இருக்கும். கோலத்தில் எந்தக் கோட்டை முதலில் இழுப்பது என்று தெரிந்து வைத்திருப்பதுபோல ஒரு அறிவு இது.

இந்த நீலமும், வெல்டிங் ஓரத்தில் கண்டால் முகம் சுளிக்க வைத்த அந்த நீலமும் பிறப்பால் ஒன்றே. இரண்டும் அதே ஆக்சைடு, அதே ஒளி. ஒன்று வெல்டிங் சூட்டில் காற்று திருட்டுத்தனமாக உள்ளே புகுந்த தடயம். இன்னொன்று ஆறிய உலோகத்தின் மேல் வோல்ட்டை எண்ணி வரவழைத்தது. காற்றை உள்ளே விடாமலிருக்க வாரக்கணக்கில் பாடுபட்ட பட்டறை, கடைசி நாளில் அதே ஆக்சிஜனைக் கதவு திறந்து, இந்த ஓரத்துக்குள் மட்டும் நில் என்று உட்காரவைக்கிறது. அலங்காரம் அதிகமென்று சிலர் குறைப்படுவதுண்டு. சில வண்டிகளைப் பார்த்தால் அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. பெயரில் மட்டும் ஒரே ஒரு நீலம் விட்டு, மற்றதைச் சாம்பலாகவே வைத்த ஃப்ரேம்கள்தாம் இந்தப் பட்டறையின் உச்சம்.

சில வருஷம் ஓட்டிய பிறகு குழாயில் கீறல் விழும். சுவரில் சாய்த்த தழும்பு, பிரேக் கேபிள் உரசிய கோடு. வெறும் உலோகமாகத் தேய்த்துவிட்ட ஃப்ரேம் என்றால், பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்துக் குழாயின் போக்கிலேயே நாலு இழுப்பு இழுத்தால் கீறல் கரைந்து, பட்டறையிலிருந்து வந்த நாளின் சாம்பல் திரும்பிவிடும். பெயர் எழுதிய இடம் வரும்போது மட்டும் கை வேகம் குறைந்து, ஓரத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகும். அங்கே ஒரு இழுப்பு தவறினாலும் நீலம் நாரோடு போய்விடும்.