டிடி ஃப்ரீ டிஷ்: நாமே மாட்டலாமா?

கடையில் தருவது 60 செ.மீ. டிஷ், அது குவிக்கும் அலையை வாங்கும் எல்.என்.பி., எம்பெக்-4 செட்டாப் பாக்ஸ், கொஞ்சம் கேபிள். மாதச் சந்தா கிடையாது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்று தொடங்கிய தூர்தர்ஷன் சேவைதான் இது. சென்னையில் எங்கள் மொட்டை மாடியில் ஆள் வைக்காமல் நானே மாட்டினேன். கூடவே சில நூறு ரூபாய்க்கு ஒரு ஃபைண்டர் மீட்டரும் வாங்கினேன்.

ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பாகும் செயற்கைக்கோளான ஜிசாட்-15 இருப்பது 93.5 டிகிரி கிழக்கில். சென்னையிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, தரையிலிருந்து சுமார் 68 டிகிரி உயரத்தில். ஆனால் டிஷ்ஷை அவ்வளவு மல்லாத்தக் கூடாது. இது ஆஃப்செட் ரகம். வட்டத்தின் நடுவில் இல்லாமல் கீழே நீண்ட கையில் எல்.என்.பி. உட்கார்ந்திருப்பதால், டிஷ்ஷின் முகம் நாற்பது டிகிரியைக் கொஞ்சம் தாண்டினாலே போதும். திசைக்கு மொபைல் காம்பஸை முழுதாக நம்பாதீர்கள். தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஸ்டாண்டு பக்கத்தில் இருந்தால் அது கண்டபடி ஆடும். அக்கம்பக்கத்து சன் டைரக்ட் டிஷ் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். கிட்டத்தட்ட அதே திசைதான்.

மீட்டர் விஷயத்துக்கு வருவோம். கேபிளின் நடுவில் மாட்டினால் ஊசி ஏறுகிறது, கீச்சென்று கத்துகிறது. எதற்குக் கத்துகிறது என்பதுதான் கேள்வி. வருகிற மொத்த சக்தியை மட்டுமே அது அளக்கிறது. எந்தச் செயற்கைக்கோள் என்று அதற்குத் தெரியாது. 95 டிகிரியில் இன்னொன்று இருக்கிறது, அதைக் கண்டாலும் மீட்டருக்கு இதே உற்சாகம்தான். செட்டாப் பாக்ஸ் காட்டும் 'ஸ்ட்ரெங்த்' பட்டையும் ஏறக்குறைய இதே ஜாதி. பார்க்க வேண்டியது 'குவாலிட்டி' பட்டையை மட்டும்.

ஸ்ட்ரெங்த் நிறைந்து குவாலிட்டி பூஜ்யத்திலேயே நிற்பதுதான் வீட்டில் மாட்டுகிறவர்களைக் கிறுக்காக்கும் கட்டம். பெரும்பாலும் காரணம் எல்.என்.பி.யின் சாய்வு. அதைக் கிளாம்புக்குள் நேராக வைத்து இறுக்கிவிட்டால் சென்னையில் வேலைக்காகாது. கணக்குப்படி தில்லியில் சுமார் 27 டிகிரி திருப்ப வேண்டும், சென்னையில் 45, மதுரையில் 57. அதனால்தான் வட இந்திய வீடியோக்களைப் பார்த்து மாட்டினால் நமக்கு ஒத்துவருவதில்லை. 45 டிகிரி பிசகினால் செயற்கைக்கோள் அனுப்பும் செங்குத்து அலையும் கிடைமட்ட அலையும் சரிபாதியாகக் கலந்து வரும். பாக்ஸால் எதையும் பிரிக்க முடியாது. டிஷ்ஷின் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தபடி, எல்.என்.பி.யை இடஞ்சுழியாகத் திருப்புங்கள். எங்கள் வீட்டில் இதைச் செய்த உடனே பட்டை எழுந்தது.

அதற்கும் அசையவில்லை என்றால் கேபிள் முனையில் உள்ள எஃப் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். கேபிளின் உள்ளே இருக்கும் கம்பி வலையின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட்தான். எல்.என்.பி.க்கான 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அந்தக் கேபிள் வழியாகத்தான் போகிறது. ஆகவே பாக்ஸை அணைத்துவிட்டே கை வையுங்கள்.

மாடியிலிருந்து "ஏறுதா?" என்று கத்துவதும் கீழேயிருந்து "இல்ல, இறங்குது" என்று பதில் வருவதும் வேண்டாம். டிவி முன் ஒருவர் வீடியோ காலில் திரையைக் காட்டினால் போதும்.

கனமழையில் படம் உடையும், அதை எதுவும் செய்ய முடியாது. தமிழ்ச் சேனல்களும் குறைவு, இந்திதான் அதிகம். தனியார் தமிழ்ச் சேனல் சீரியல் வேண்டும் என்பவர்களுக்கு இது ஆகாது. டிடி தமிழ், செய்தி, டிடி ஸ்போர்ட்ஸ் போதும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஃபைண்டர் மீட்டரை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் காசுக்கு நல்ல ஆர்ஜி-6 கேபிள் வாங்குங்கள்.