எழுவாய் இல்லாத விளம்பரம்

வாப்பாவின் கடையில் சில்லறைக் காசு போட்டு வைக்க ஒரு பழைய தேயிலைப் பேணி இருந்தது. மஞ்சள் நிறம், விளிம்பெல்லாம் துரு. அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி. ஏழாம் ஆண்டு படிக்கும்போது அகராதியை விரித்து வைத்துக்கொண்டு அதைத் தமிழாக்கினேன்: ‘தேயிலைத் தோட்டத்திலிருந்து தேநீர்ப் பாத்திரத்துக்கு நேரடியாக.’ பெருமையோடு வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நேரடியாவா? அப்ப நாங்க என்னத்துக்கு மகன் கட வெச்சீக்கிற?" என்று கேட்டுச் சிரித்தார்.

அன்று அது பகிடியாகத்தான் பட்டது. தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்து, இருபது வருடங்களாக வகுப்பறையில் இலக்கணம் கற்பித்த பிறகு, அந்த வரிக்கு எழுதப்பட்ட முதல் விமர்சனம் வாப்பாவுடையதுதான் என்று தோன்றுகிறது.

நம்முடைய விமர்சகர்கள் கவிதையைப் பார்க்கிறார்கள், சிறுகதையைப் பார்க்கிறார்கள். விளம்பரத்தை யாரும் ஒரு பனுவலாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் நாளாந்தம் அதிகம் வாசிப்பது அதைத்தான். பொருள் விற்பவனும் சரி, நியாயம் கேட்பவனும் சரி, முதலில் பொதுசனத்தின் கண்ணைப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிப்பதற்காக எதைச் சொல்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. உதாரணத்துக்குத் தூரம் போகத் தேவையில்லை. இலங்கைத் தேயிலையே போதும்.

அந்த வரிக்குச் சொந்தக்காரர் தோமஸ் லிப்டன். 1871இல் கிளாஸ்கோவில் ஒரு சின்ன மளிகைக் கடையோடு தொடங்கியவர். சும்மா சொல்லக் கூடாது, மனுசன் பெரிய கெட்டிக்காரன். கொழுத்த பன்றிகளுக்கு நாடா கட்டி, ‘லிப்டன் கடைக்குப் போகிறேன்’ என்று எழுதி வீதி வழியே ஓட்டிச் செல்ல வைத்தார். கடையில் இரண்டு கண்ணாடிகள் வைத்தார். உள்ளே போகும்போது பார்த்தால் ஆள் ஒட்டி உலர்ந்து தெரிவார்; வெளியே வரும்போது பார்த்தால் உப்பிப் பூரித்துத் தெரிவார். 1881 கிறிஸ்மஸ் காலத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு ராட்சதச் சீஸ் கட்டியை வரவழைத்து, அதற்குள் தங்க நாணயங்களைப் புதைத்து, துண்டு துண்டாக வெட்டி விற்றார். சனம் முண்டியடித்தது. விளம்பரம் என்பது பொருளைப் பற்றிய பேச்சு அல்ல, ஊரே கூடிப் பார்க்கும் ஒரு நிகழ்ச்சி என்பதை அவர் அந்தக் காலத்திலேயே விளங்கிக்கொண்டிருந்தார். இன்று ‘வைரல்’ என்று நாம் சொல்வதை அவர் ஒரு சீஸ் கட்டியைக் கொண்டு செய்து காட்டினார்.

1890இல் அவர் இலங்கைக்கு வந்தார். கோப்பிச் செடியை நோய் அழித்துவிட்டிருந்த காலம் அது. தோட்டங்கள் மலிவாகக் கிடைத்தன. தம்பேதன்ன உள்ளிட்ட சில தோட்டங்களை வாங்கினார். இங்கிலாந்தில் ஓர் இறாத்தல் தேயிலை மூன்று சிலிங் அளவில் விலை போனது; அவர் ஒரு சிலிங் ஏழு பென்சுக்குக் கொடுத்தார். கால், அரை, ஒரு இறாத்தல் என்று அளந்து கட்டிய பக்கற்றுகளில் விற்றார். ஏழைத் தொழிலாளி வீட்டிலும் தேத்தண்ணி கொதித்தது. இதை மறைக்கக் கூடாது. அவருடைய விளம்பரத்துக்குப் பின்னால் உண்மையிலேயே மலிவான ஒரு பொருள் இருந்தது.

இனி அந்த வரிக்கு வருவோம். ‘தோட்டத்திலிருந்து’ என்பது ஐந்தாம் வேற்றுமை, நீங்கல் பொருள். ‘பாத்திரத்துக்கு’ என்பது நான்காம் வேற்றுமை. ‘நேரடியாக’ வினையடை. ஐந்தாம் வேற்றுமை உண்டு, நான்காம் வேற்றுமை உண்டு. முதலாம் வேற்றுமையைக் காணோம். எழுவாய் இல்லை, பயனிலையும் இல்லை. இது என் மொழிபெயர்ப்பின் குறையல்ல. ஆங்கில மூலத்திலும் அப்படித்தான். வருவது தேயிலை என்று நாம் ஊகித்துக்கொள்கிறோம். பறித்தது யார், வாட்டி அரைத்தது யார், சுமந்தது யார் என்ற கேள்வி எழ அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. ‘நேரடியாக’ என்ற அந்த ஒரு சொல் நடுவில் இருந்த எல்லாரையும் கூட்டித் தள்ளிவிடுகிறது. கங்காணி போனான், கொழுந்து பறித்த பெண் போனாள், வாப்பாவைப் போன்ற சில்லறைக் கடைக்காரரும் போனார்.

அந்தச் சொல் முழு உண்மையும் அல்ல. லிப்டனின் கடைகளில் விற்றுத் தீர்ந்த தேயிலையில் ஒரு சிறு பங்கையே அவருடைய சொந்தத் தோட்டங்கள் கொடுத்திருக்க முடியும். மிச்சம் சந்தையில் வாங்கியதுதான்.

"விளம்பரப் படங்களில் கொழுந்துக் கூடையோடு தமிழ்ப் பெண் நிற்கிறாளே, அவளை எங்கே மறைத்தார்கள்?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நிற்கிறாள்தான். ஆனால் எந்த ஊரிலிருந்து வந்தாள், எப்படி வந்தாள், என்ன கூலி வாங்கினாள் என்பதை அந்தப் படம் சொல்வதில்லை. மலையைப் போல, பனியைப் போல அவளும் காட்சியின் ஒரு பகுதி. கவிதையில் வரும் கருப்பொருளைப் போல அவளை வைத்தார்கள். உரிப்பொருள் வாங்குபவனுடைய சுகம். இன்றைக்கும் அப்புத்தளைப் பக்கம் ‘லிப்டன் சீட்’டுக்குப் போகிறவர்கள் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும் லிப்டன் சிலைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். போகும் வழியில் லயன் வீடுகள் இருக்கின்றன. அவை படத்தில் விழுவது அபூர்வம்.

விளம்பரம் வரலாற்றுப் பாடமா என்று இன்னொருவர் கேட்பார். இல்லைதான். ஆனால் வரலாற்றுப் பாடத்தை வாசித்தவர்களைவிடப் பேணியைப் பார்த்தவர்கள் எத்தனையோ மடங்கு அதிகம். தேயிலை என்றால் உலகத்துக்கு நினைவில் வரும் சித்திரத்தைப் பேணிதான் வரைந்தது.

விடுபட்ட எழுவாயைத் திரும்பக் கொண்டுவர முயன்றவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் சனத்தின் கண்ணும் காதும் தேவைப்பட்டன. கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பது மலையகத்தில் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. எங்கள் ஆட்கள் பலரும் பொட்டணி சுமந்து ஏறிய அதே மலைப்பாதைகள்தான். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பேச்சுக்கு முன்னர் பாடினார். பாடல்களை அச்சிட்டும் பரப்பினார். வாசிக்கத் தெரியாத தொழிலாளிக்கும் பாட்டு போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதுவும் விளம்பர உத்திதான். அந்த வார்த்தையைச் சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அண்மைக் காலத்தில் நன்றாக எடுபட்ட சுலோகம் ‘ஆயிரம்’. நாட்சம்பளம் ஆயிரம் ரூபா வேண்டும் என்ற கோரிக்கை. 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் கூடியபோது கொழும்பு ஒருதரம் திரும்பிப் பார்த்தது. லிப்டனின் ‘ஒரு சிலிங் ஏழு பென்ஸ்’ போலவே இதுவும் ஓர் இலக்கம். நாக்கில் நிற்கும், சுவரில் எழுதலாம், தேர்தல் மேடையில் முழங்கலாம். அதனுடைய பலவீனமும் அதுதான். 2021இல் சம்பள நிர்ணய சபை ஊடாக ஆயிரம் வந்தது. "அதான் குடுத்தாச்சே" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். எத்தனை கிலோ பறித்தால் அந்த ஆயிரம், காணி யாருடையது, வீடு யாருடைய பெயரில் என்ற கேள்விகளெல்லாம் அந்த இலக்கத்துக்குப் பின்னால் போய்விட்டன. பிறகு வந்த விலையேற்றத்தில் அந்த ஆயிரமும் கரைந்தது.

2023இல் நடந்ததை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். முதல் கோப்பித் தோட்டக் காலமான 1823இலிருந்து இருநூறு ஆண்டு. ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்டு, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளை வரை ஒரு நடைபயணம். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று நீண்ட அந்தப் பாதை, கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் நடந்த பாதை. பசியிலும் கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். விளம்பரக் கண்ணால் பார்த்தால் இதைவிடச் சிறந்த கற்பனையை எந்த விளம்பர நிறுவனமும் விற்றிருக்க முடியாது. தங்க நாணயம் இல்லை, ராட்சதச் சீஸ் இல்லை. இருந்தது பாதையும் கால்களும் மட்டும்தான். ‘நேரடியாக’ என்ற சொல் எந்தத் தூரத்தை அழித்ததோ அந்தத் தூரத்தை அவர்கள் பதினாறு நாட்களில் நடந்து காட்டினார்கள். இலக்கணக்காரன் பாஷையில் சொன்னால், எழுவாய் தானே நடந்து வந்து வாக்கியத்துக்குள் நின்றது. ‘ஆயிரம்’ என்பதைக் கொடுத்து முடித்துவிடலாம். நடந்த பாதையை அப்படிக் கொடுத்து முடிக்க முடியாது.

குறை இல்லையா? இருக்கிறது. நிகழ்ச்சியால் பிடித்த கவனம் நிகழ்ச்சி முடிந்ததும் கலையத் தொடங்கும். லிப்டன் அடுத்த கிறிஸ்மசுக்கு அடுத்த சீஸைக் கொண்டுவரலாம். மக்கள் இயக்கம் ஒவ்வொரு வருடமும் தலைமன்னாரிலிருந்து நடக்க முடியாது. ‘மலையகம் 200’ என்பதும் சுவரொட்டியிலும் ரீசேர்ட்டிலும் ஓர் இலக்கமாகவே தங்கிவிட்டால், பேணியில் நிற்கும் பெண்ணுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. நடையைப் பார்த்தவர்கள் செய்ய வேண்டிய மிச்ச வேலை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பங்கு வாத்திமாருக்கு உரியது.

போன தவணை பத்தாம் தர வகுப்பில் வாக்கிய அமைப்புப் பாடத்துக்கு, வீட்டிலுள்ள ஏதாவது ஒரு பொருளின் விளம்பர வரியைக் கொண்டு வாருங்கள், எழுவாயைக் கண்டுபிடியுங்கள் என்றேன். நாற்பது பிள்ளைகளில் பெரும்பாலானோர் எழுவாய் இல்லாத வரிகளையே கொண்டு வந்தார்கள். பின்வாங்கில் இருந்த ஒருவன் எழும்பி, "சேர், இதச் செஞ்ச ஆள எங்க எழுதுற?" என்று கேட்டான். விளம்பரத்துக்குக் கீழே இன்னொரு வாக்கியமாக எழுதச் சொன்னேன். அரை மணித்தியாலம் யாரும் தலை நிமிரவில்லை.