நிறம் போனால் சுத்தமாகிவிடுமா?

மேக்கப் பிரஷ்ஷையும் ஸ்பாஞ்சையும் வாரம் ஒருமுறையாவது கழுவ வேண்டும் என்ற எண்ணம் திண்டுக்கல் வீடுகளுக்குள் வந்துவிட்டது. இதை மனமார வரவேற்கிறேன். நாகல்நகரிலும் சின்னாளபட்டியிலும் வேடசந்தூர் பக்கத்துக் கிராமங்களிலும் வீட்டிலிருந்தபடியே மணப்பெண் அலங்காரத்துக்குப் போய்வரும் பெண்களின் குளியலறைத் திண்டில் இன்று பிரஷ்கள் வரிசையாகக் காய்கின்றன. முறை ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். கொஞ்சம் தேங்காய் எண்ணெய், கொஞ்சம் ஷாம்பு அல்லது பாத்திரம் கழுவும் லிக்விட், உள்ளங்கையில் வட்டமாகத் தேய்ப்பு, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசல். இந்த முறையில் கழுவுகிற பகுதி பெரும்பாலும் சரியானது. காயவைப்பதிலும் அடுத்தவர் முகத்துக்கு எடுத்துப் போவதிலும்தான் கோளாறு.

முதலில் சரியானதைச் சொல்லிவிடுகிறேன். ஃபவுண்டேஷன், கன்சீலர், லிப்ஸ்டிக் எல்லாம் எண்ணெயும் மெழுகும் சிலிக்கோனும் கலந்தவை. வெறும் தண்ணீர் அவற்றைத் தொடாது. எண்ணெயை எண்ணெய் எளிதில் இளக்கும். விடிய விடிய வள்ளி திருமணம் நடித்துவிட்டு அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கும் நாடக நடிகர்களுக்கு இது பல தலைமுறையாகத் தெரியும். இளகிய எண்ணெயை ஷாம்பு சுற்றி வளைத்துத் தண்ணீரோடு கொண்டுபோய்விடுகிறது. விலையுயர்ந்த பிரஷ் கிளீனர் பாட்டில்கள் செய்வதும் அநேகமாக இதையேதான். ஒரு எச்சரிக்கை: எண்ணெய் ஓரிரு சொட்டு போதும். கூடினால் முடியின் அடிவேரில் தங்கி, பிசுக்காகி, அடுத்த முறை பவுடரைக் கட்டிகட்டியாகப் பிடித்து வைக்கும்.

அடுத்தது தண்ணீர். வெளியூர்க்காரர்கள் சொல்லும் குறிப்புகள் நம் ஊரில் பிசகுவது இங்கேதான். ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்துத் தண்ணீரும் காவிரித் தண்ணீரும் முறைவைத்து வருகின்றன. அவை குடிக்கவும் சமைக்கவும். கழுவுவதற்கெல்லாம் போர் தண்ணீர். பாறை நிலத்தின் கால்சியமும் மக்னீசியமும் அதில் ஏற்கெனவே உண்டு. தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவும் ஊரைச் சுற்றிய நிலத்தடி நீரைக் கெடுத்தது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வேலூர் வழக்கில் தீர்ப்பளித்தபோது பெயர் சொன்ன ஐந்து மாவட்டங்களில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. இந்தத் தண்ணீரில் கட்டிச் சோப்பு போட்டால் நுரைக்கு முன்னால் வெள்ளை வெள்ளையாகத் திரிகிறது. தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு சோப்பு சேர்ந்து கரையாத பசையாகிவிடுவதுதான் காரணம். பசை முடிக்கு நடுவே ஒட்டிக்கொண்டு நிறத்தையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும். "எத்தனை தடவை கழுவினாலும் சொரசொரன்னுதான் இருக்கு" என்று பலரும் குறைப்பட்டுக்கொள்வது இதனால்தான். ஷாம்பு இப்படித் திரிவதில்லை. ஆகவே இந்த ஊரில் கட்டிச் சோப்பு வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு சொம்பு நல்ல தண்ணீரை ஒதுக்கினால் போதும்.

கட்டிச் சோப்பைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. பவுடர் பிரஷ்களில் பல ஆட்டு முடியால் ஆனவை. தோல் பதனிடும்போது முடியைக் கழற்ற முதலில் சுண்ணாம்பில் ஊறவைப்பார்கள். காரம் பட்டால் முடி தளர்ந்துவிடும் என்பது தோல் தொழில் தெரிந்த பேகம்பூர்ப் பக்கத்தில் சொல்லித்தர வேண்டிய பாடமில்லை. துணிச் சோப்பும் சோடா மாவும் காரமானவை. ஒரே நாளில் எதுவும் ஆகாது. சில மாதங்களில் பிரஷ் வறண்டு, கன்னத்தில் குத்தத் தொடங்கும். நைலான் பிரஷ் இதைத் தாங்கும். ஆட்டு முடிக்குத் தலைக்குப் போடும் ஷாம்புவே ஏற்றது.

பூந்திக்கொட்டை, சீயக்காய் பற்றியும் கேட்கிறார்கள். பட்டுச் சேலையைப் பூந்திக்கொட்டைச் சாற்றில் அலசி வளர்ந்தவர்களின் நம்பிக்கையில் நியாயம் இருக்கிறது. மென்மையாக அழுக்கெடுக்கும், உப்புத் தண்ணீரில் சோப்பைப் போலத் திரியவும் செய்யாது. ஆனால் மெழுகு கலந்த லிப்ஸ்டிக்கை அது லேசில் அசைக்காது. காய்ச்சி வைத்த சாறு அறை வெப்பத்தில் சீக்கிரமே புளித்து நாறும். கிருமியை விரட்டப் போய்க் கிருமி வளர்ந்த தண்ணீரில் பிரஷ்ஷை முக்குவதாகிவிடும். சீயக்காய்த் தூளோ முடிக்கு நடுவே தங்கி மறுநாள் கண்ணில் விழும். அன்றன்றைக்கு ஊறவைத்து வடிகட்டிய பூந்திக்கொட்டைச் சாறு பவுடர் பிரஷ்ஷுக்கு ஆகும், மற்றதற்கு வேண்டாம்.

வினிகர், எலுமிச்சை, கொதிநீர் ஆகியவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். வினிகர் உப்புப் படிவைக் கொஞ்சம் இளக்கும். கிருமிக்கு அதை நம்ப முடியாது. எலுமிச்சையால் வாசனைதான் மிச்சம். கொதிநீர், முடியைப் பூணுக்குள் பிடித்திருக்கும் பசையை இளக்கிவிடும்.

ஸ்பாஞ்ச் விஷயத்தில் நான் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல், பயன்பாட்டில் இருந்த 467 அழகுசாதனப் பொருட்களைச் சோதித்தார்கள். லிப்ஸ்டிக், ஐலைனர், மஸ்காரா எல்லாவற்றையும் விட ஸ்பாஞ்சில்தான் பாக்டீரியா மிக அதிகம். சோதித்த ஸ்பாஞ்சுகளில் 93 சதவீதம் ஒருமுறைகூடக் கழுவப்படாதவை. 64 சதவீதம் தரையில் விழுந்த பிறகும் முகத்துக்குப் போனவை. கழுவினால் சரியாகிவிடுமா? பழைய ஸ்பாஞ்ச் ஒன்றைக் கழுவிப் பிழிந்துவிட்டு அரிவாள்மனையில் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மேலே பளிச்சென்று ரோஸ் நிறம். உள்ளே பழுப்பு வளையம், நடுவில் இன்னும் ஈரம், சிலவற்றில் ஊசிமுனை அளவுக் கரும்புள்ளிகள். அந்தப் புள்ளி பூஞ்சை. எந்த ஷாம்புவும் அங்கே போய்ச் சேராது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சுகளை ஆராய்ந்து ஜெர்மன் ஆய்வாளர்கள் 2017இல் சொன்னதும் இதோடு ஒத்துப்போகிறது: அவ்வப்போது சுத்தம் செய்யப்பட்டவற்றில் பாக்டீரியா குறைவாக இருக்கவில்லை. மைக்ரோவேவில் வைக்கலாம் என்றொரு யோசனையும் உலவுகிறது. ஈரம் காய்ந்த ஸ்பாஞ்ச் அதில் தீப்பிடிக்கலாம். ஸ்பாஞ்சை ஒவ்வொரு முறையும் கழுவுங்கள், ஓரிரு மாதத்தில் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். அதற்கு மனமில்லாதவர்கள் ஸ்பாஞ்சை விட்டுவிட்டு நைலான் பிரஷ்ஷுக்கு மாறுவது மேல்.

காயவைப்பதில் திண்டுக்கல்லுக்கு இயற்கை பெரிய சலுகை தந்திருக்கிறது. வருடத்தின் பெரும்பகுதி வறண்ட காற்று. இரவு கழுவிய பிரஷ் காலையில் காய்ந்திருக்கும். ஆனால் பெரும்பாலானவர்கள் பிரஷ்ஷைத் தம்ளரில் தலை மேலாக நிறுத்துகிறார்கள். பார்க்க அழகு, தண்ணீர் இறங்கிப் பூணுக்குள் தேங்கும், பசை இளகும், மரக்காம்பு உப்பிப் பெயிண்ட் உரியும். மேசை விளிம்பில் முடிப்பகுதி வெளியே நீட்டியபடி படுக்க வைத்தாலோ, தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாலோ இந்தத் தொல்லை இல்லை. மொட்டைமாடி வெயிலும் வேண்டாம். அங்கே புழுதி படியும், ஸ்பாஞ்ச் வெயிலில் பொரிந்து உதிரும். நிழலில் ஃபேன் காற்றே போதும். உண்மையான சோதனை ஐப்பசியிலும் கார்த்திகையிலும். அடைமழை, ஈரக் காற்று, அதோடு முகூர்த்த நாட்கள் நெருக்கமாக. முந்தின நாள் கழுவியது உள்ளே காயாமலே பைக்குள் போய் ஜிப்புக்குள் அடைபடுகிறது. அந்த மாதங்களுக்கு இரண்டாவது செட் பிரஷ் வைத்துக்கொள்வதைத் தொழில் செய்பவர்கள் தவிர்க்கவே முடியாது.

பகிர்வதுதான் இதில் எல்லாவற்றையும் விடப் பெரிய குறை. அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை கழுவச் சொல்வது, தன் முகத்துக்குத் தானே பூசுகிறவருக்கு. மண்டபத்தில் விடிகாலை நாலரைக்கு நடப்பது வேறு. மணப்பெண் எழுந்ததும் நாத்தனார் உட்காருவார். "எனக்கும் லேசா போட்டு விடும்மா" என்று அத்தை வருவார். தங்கையும் தோழியும் வரிசையில். அதே பிரஷ், அதே ஸ்பாஞ்ச், நடுவில் டிஷ்யூவில் ஒரு துடைப்பு. வீட்டில் எவ்வளவு பொறுப்பாகக் கழுவியிருந்தாலும் இரண்டாவது முகத்திலேயே அந்தச் சுத்தம் தீர்ந்துவிட்டது. நேரமில்லாத இடத்தில் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் உதவும். ஏறக்குறையச் சுத்தமான ஆல்கஹாலை விட இது நன்றாக வேலை செய்யும். கிருமியின் புரதத்தைக் குலைக்கக் கொஞ்சம் தண்ணீரும் தேவை. எண்ணெய்ப் பிசுக்கை முதலில் துடைத்தெடுத்தால்தான் அது கிருமியைத் தொடும். குத்துவிளக்கும் முடி நேராக்கும் சூடான கருவியும் இருக்கும் அறையில் அதைத் தெளிப்பது ஆபத்து. மெட்ராஸ் ஐ பரப்பும் அடினோ வைரஸ் ஆல்கஹாலுக்கு எளிதில் அடங்குவதுமில்லை. கண்ணுக்கும் உதட்டுக்கும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் குச்சிகளைத் தவிர நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை.

இப்படி எறியும் பொருட்களுக்கான செலவை அலங்காரம் செய்பவரே சுமக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். பெரும்பாலும் ஒற்றை ஆளாக, பேருந்தில் பையைத் தூக்கிக்கொண்டு போய்வரும் பெண்கள் அவர்கள். கூட வரும் நாலு பேருக்கும் அதே தொகைக்குள் போட்டுவிடச் சொல்லும் குடும்பங்கள்தான் ஒரே ஸ்பாஞ்ச் நாலு முகத்துக்குப் போவதற்கு முதல் காரணம். அட்வான்ஸ் கொடுக்கும்போதே எத்தனை பேர் என்று சொல்லி, ஆளுக்கொரு ஸ்பாஞ்சுக்கும் எறியும் குச்சிகளுக்கும் தனியாகப் பணம் கொடுத்துவிட்டால், "புது ஸ்பாஞ்ச் எடுத்தீங்களா?" என்று அந்த விடிகாலையில் கூச்சமில்லாமல் கேட்கலாம்.