தெர்த்துல்லியனும் புதிய வெளிப்பாடும்

கிறிஸ்து வந்தபின் வேறு தேடல் நமக்கு எதற்கு என்று வாதிட்டவர் கார்த்தேஜ் நகரத் தெர்த்துல்லியன். அவரே 207 அளவில் மொன்டானுஸ் இயக்கத்தின் பக்கம் சாய்ந்தது விசித்திரம்தான். 2ஆம் நூற்றாண்டில் பிரிகியாவில் மொன்டானுஸ், பிரிஸ்கில்லா, மக்சிமில்லா மூவரும் பரிசுத்த ஆவியானவர் தங்கள் வழியே பேசுவதாக அறிவித்திருந்தனர். (தமக்குப் பின் உலக முடிவே என்றாராம் மக்சிமில்லா, அவர் இறந்தார், உலகம் இருந்தது.) விசுவாசப் பிரமாணம் மாறவில்லை, ஒழுக்கமே கடுமையாகிறது என்பது தெர்த்துல்லியனின் சமாதானம். இதை ஏற்க இயலாது. விதவையின் மறுமணத்தைப் பவுல் அனுமதித்தார் (1 கொரிந்தியர் 7:39). தெர்த்துல்லியனோ அதை விபசாரத்தோடு சேர்த்தார். ஞானஸ்நானத்துக்குப் பின் விபசாரத்தில் விழுந்தவரைச் சபை மன்னிக்கக்கூடாது என்றும் எழுதினார். சிலுவையில் கிறிஸ்து முடித்ததை அவர் மறுக்கவில்லை. மனந்திரும்பி வந்தவருக்கு அதன் வாசலை அடைத்தார்.