கோடியக்கரைக்குப் போங்கள்!

தமிழ்நாட்டுக் கடற்கரை ஆதியில் எப்படி இருந்திருக்கும் என்று கண்ணால் பார்க்க ஆசையா? கோடியக்கரைக்குப் போங்கள். இந்தப் பொங்கலுக்கே போங்கள். காஞ்சிபுரத்தில், தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன் நான். எங்களுக்குக் கடல் என்றால் மாமல்லபுரம், பறவை என்றால் வேடந்தாங்கல். இரண்டுமே பக்கத்தில் இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்று இத்தனை காலம் இருந்துவிட்டேன். கோடியக்கரையைப் பார்த்த பிறகு வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதே பேச்சுதான்.

வேதாரண்யத்தில் பஸ் மாறி ஏறினால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். முதலில் அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி, திருச்சியிலிருந்து நடந்தே வந்து உப்பு அள்ளிய மண் இது. நினைவுத் தூண் நிற்கிறது. கோடியக்காடு ஊர் தாண்டியதும் காடு ஆரம்பித்துவிடுகிறது. என்ன காடு அது!

உயரமான மரங்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பாலை மரங்கள் குட்டையாக, நெருக்கமாக, கிளையோடு கிளை பின்னி நிற்கின்றன. இலை சிறியது, தடித்தது, பளபளப்பானது. இந்தக் கரைக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெருமழை. மற்ற மாதங்களில் வெயிலும் உப்புக்காற்றும்தான். அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சித்திரையிலும் பச்சையாகவே நிற்கிற காடு. உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். ஒரு காலத்தில் சோழமண்டலக் கரை நெடுக இது இருந்தது. இன்று பெரும்பாலும் கோயில் காடுகளாக, ஊரோரம் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. கடலை ஒட்டி இப்படிப் பரந்து கிடப்பதைப் பார்க்கக் கோடியக்கரைக்குத்தான் வர வேண்டும். எங்கள் தொண்டைமண்டலக் கரையும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

காடு முடிகிற இடத்தில் புல்வெளி. அதைத் தாண்டி மணல், அப்புறம் கடல். கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்தாலும் இரண்டையும் பிரிக்க முடியாதபடி பிணைத்திருப்போமே, அந்த நேர்த்தி இங்கே காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. அந்தப் புல்வெளியில்தான் வெளிமான்கள்!

1967-இல் இந்தக் காட்டைச் சரணாலயமாக அறிவித்ததே அவற்றுக்காகத்தான். கிண்டியிலும் வல்லநாட்டிலும்கூட உண்டு. ஆனால் கடற்காற்று வீசுகிற வெட்டவெளியில் பார்ப்பதற்கு ஈடே இல்லை. கிடா முதுகெல்லாம் கறுப்பு, வயிறு தூய வெள்ளை, தலையில் முறுக்கு முறுக்கான கொம்பு. தன் எல்லைக்குள் இன்னொரு கிடா வந்தால் தலையை நிமிர்த்தி, கொம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு நடந்து வருகிறது பாருங்கள், அந்த மிடுக்கைக் காணக் கண் கோடி வேண்டும். ஏதோ ஒரு சத்தம் கேட்டது. மந்தை முழுவதும் துள்ளிப் பாய்ந்தது. நான் மூச்சு விடவும் மறந்து நின்றேன். சற்றுத் தள்ளி, யாருக்கும் சொந்தமில்லாத மட்டக்குதிரைகள் பிடரி பறக்க மேய்ந்துகொண்டிருந்தன. காட்டுக்குள் ராமர் பாதம் என்று ஒரு மணல்மேடு இருக்கிறது. இங்கே உயரமான இடம் அதுதான். ஏறி நின்றால் காடு முழுவதும் காலடியில்.

பறவைகளைப் பற்றி எங்கிருந்து தொடங்குவது? வேடந்தாங்கலில் பறவைகள் மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துக் குடும்பம் நடத்தும். அந்த இரைச்சல் எனக்குப் பிடிக்கும். கோடியக்கரை வேறு உலகம். இங்கே வருகிறவர்களில் பாதிக்குமேல் குஞ்சு பொரிக்க வரவில்லை, சாப்பிட வருகிறார்கள். வடதுருவத்தை ஒட்டிய பனி நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தாங்காமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இந்தச் சேற்றுக்கு வருகிறார்கள். கொசு உள்ளான் என்று ஒன்று. ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும், எடையும் சொற்பம்தான். அதுவும் அந்தத் தூரத்திலிருந்துதான் வருகிறது! தண்ணீர் ஓரத்தில் கூட்டமாகக் குடுகுடுவென்று ஓடி ஓடிச் சேற்றைக் கொத்துகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் வளையம் மாட்டி, அவை போய்வரும் வழியைப் படித்து வருகிறார்கள். 2002-இல் ராம்சார் ஈரநிலம் என்ற உலக மரியாதையும் இந்தக் கரைக்குக் கிடைத்தது.

அப்புறம் பூநாரைகள். ஆழமில்லாத உப்புத் தண்ணீரில் கூட்டம் கூட்டமாக, நீண்ட காலில் நின்றுகொண்டு, வளைந்த அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டுச் சலித்துச் சாப்பிடுகின்றன. தின்கிற பாசியும் கூனிப்பூச்சியும்தான் அந்த இளஞ்சிவப்பைக் கொடுக்கின்றனவாம். கூட்டம் எழும்பிச் சிறகை விரித்தபோது உள்ளே தெரிந்த சிவப்பையும் கறுப்பையும் எந்தச் சாயப்பட்டறையிலும் நான் பார்த்ததில்லை. நாள் முழுக்க நிறத்தோடு புழங்குகிறவன் சொல்கிறேன், நம்புங்கள்.

மீன் இறங்கும் கரையில் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சி, “எந்த ஊரு தம்பி?” என்றார்கள். சொன்னேன். “காஞ்சிவரமா? எம் மவ கல்யாணத்துக்கு ஒங்க ஊருப் பொடவதான் எடுத்தோம்!” என்று முகம் மலர்ந்தார்கள். பேச்சு 2018 நவம்பர் கஜா புயலுக்குப் போனது. “இந்தக் காடுதான் தம்பி முன்னால நின்னு அடி வாங்குச்சு” என்றார்கள். அந்தப் புயலில் எத்தனை மரங்கள் சாய்ந்தன, எத்தனை மான்கள் செத்தன! அத்தனைக்கும் பிறகு துளிர்த்து நிற்கிற காட்டுக்குள் நடக்கிறோம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

‘பொன்னியின் செல்வன்’ கதையில் கல்கி பூங்குழலியை ஏன் இந்தக் கரையில் உலவ விட்டார் என்பது இங்கே நின்றால் புரிகிறது. அந்தக் கதையைப் படித்தவர்கள் தேடி வரும் பழைய சோழர் காலக் கலங்கரை விளக்கத்தின் எச்சம் 2004 சுனாமியில் போய்விட்டது; ஆனால் குழகர் கோயில் இருக்கிறது. கடற்காற்று அடிக்கிற இந்தக் கரையில் துணையில்லாமல் தனியாக இருக்கிறாயே என்று சுந்தரர் சிவனைப் பார்த்து உருகிப் பாடிய தலம். கண் இழந்த சுந்தரருக்கு இடக்கண் திரும்பக் கிடைத்தது எங்கள் ஏகம்பத்தில், வலக்கண் திருவாரூரில். அதற்குப் பிறகு சேரமான் பெருமாளோடு இந்தப் பக்கம் வந்தார் என்கிறது பெரியபுராணம். காஞ்சியில் கிடைத்த கண்ணால் அவர் கண்ட கரை இது! சந்நிதியில் இதை நினைத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் பாடிய தனிமை இன்றும் அப்படியே இருக்கிறது. கடை வரிசை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, அலைச்சத்தம்தான்.

பறவைக்கு என்றால் கார்த்திகையிலிருந்து தை வரை. மானுக்கு விடியற்காலையிலேயே போய்விடுங்கள். குடிதண்ணீரும் பைனாகுலரும் கையில் இருக்கட்டும். பிளாஸ்டிக் பையை உள்ளே கொண்டுபோகவே வேண்டாம், பாட்டும் கூச்சலும் வேண்டாம். இரவு தங்குவதற்கு வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வேதாரண்யத்தில் தங்கலாம். அங்கே மறைக்காட்டீசரையும் சேவித்து, ஊரைச் சுற்றி விளைகிற முல்லைப்பூவை முழம் முழமாக வாங்கி வாருங்கள்.

வைகாசி, ஆனியில் போனால் பாலைப்பழம் கிடைக்கும். மஞ்சளாக, பிசுபிசுவென்று, அப்படியொரு தித்திப்பு என்று ஆச்சி சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வைகாசி முகூர்த்தப் புடவைகளைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்த மறுநாளே அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கிளம்பப் போகிறேன். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குப் பிள்ளைகள் இப்போதே சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.