தாய்மொழி தடைக்கல்லா?
ஸ்பானிய மாணவர்க்குரிய ஆங்கில இலக்கணம் பற்றி ஒரு திறனாய்வு

பிறமொழி கற்பிப்போர்க்குப் பழைய ஐயம் ஒன்று உண்டு. மாணவன் செய்யும் பிழைக்கெல்லாம் அவனுடைய தாய்மொழிதான் காரணமா என்பதே அது. ஆம் என்னும் விடையின்மேல் ஒரு கற்பித்தல் முறையை எழுப்பிக் காட்டிய நூல், ராபர்ட் லேடோ 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘லிங்விஸ்டிக்ஸ் அக்ராஸ் கல்ச்சர்ஸ்’ ஆகும். ஸ்பானிய மொழி பேசுவோர்க்கென எழுதப்படும் தொடக்கநிலை ஆங்கில இலக்கணங்களில் இக்கொள்கையின் சாயலை இன்றும் காணலாம். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் எனக்கும் இஃது ஐயத்திற்கிடமற்ற உண்மையாகவே கற்பிக்கப்பட்டது. தோட்டப் பள்ளியில் முப்பதாண்டுக் காலம் பிள்ளைகளின் பயிற்சி ஏடுகளைத் திருத்தியபின், அந்நூலை மீண்டும் எடுத்துப் படித்தபோது தோன்றிய கருத்துகளை ஆசிரிய நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

லேடோவை ஏட்டுச் சுரைக்காய் அறிஞர் எனத் தள்ளிவிட இயலாது. ஸ்பெயினிலிருந்து குடியேறிய பெற்றோர்க்கு 1915இல் அமெரிக்காவில் பிறந்து, ஸ்பானிய மொழியில் வளர்ந்து, இளைஞரான பின்னர் ஆங்கிலம் பயின்றவர் அவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஃபிரீஸ் 1941இல் தொடங்கிய ஆங்கில மொழி நிலையத்தில் பணியாற்றியவர். தாய்மொழியோடு ஒத்த கூறுகள் மாணவனுக்கு எளியவை. வேறுபட்ட கூறுகள் அரியவை. ஆகவே, இரு மொழிகளையும் முன்னரே ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசிரியர் இடர்ப்பாடுகளை முன்னறியலாம் என்பது அவர் கொள்கையின் சாரம்.

இக்கொள்கைக்குப் பொருந்தும் சான்றுகள் பல உள. ஸ்பானிய வினைச்சொல் நம் தமிழ் வினையைப் போலவே இடத்தையும் எண்ணையும் விகுதியால் காட்டும். ‘ஆப்லோ’ என்றால் பேசுகிறேன். ‘ஆப்லாஸ்’ என்றால் பேசுகிறாய். ‘ஆப்லா’ என்றால் பேசுகிறான் அல்லது பேசுகிறாள். எனவே எழுவாயைத் தனியே கூற வேண்டுவதில்லை. ‘எஸ் இம்போர்த்தாந்தே’ என்று பழகிய நா, ஆங்கிலத்தில் ‘இட்’ என்னும் எழுவாயை விட்டு ‘ஈஸ் இம்பார்ட்டண்ட்’ என்று தொடங்குகிறது. பத்து வயது என்பதை ஸ்பானியர் ‘தெங்கோ தியெஸ் ஆஞோஸ்’ என்பர். பத்து ஆண்டுகளை உடையேன் என்பது அதன் சொற்பொருள். அச்சிறுவன் ‘ஐ ஹேவ் டென் இயர்ஸ்’ என்று எழுதினால் வியப்பில்லை. ‘நோ வேயோ நாதா’ என்னும் தொடரில் எதிர்மறை இருமுறை வருவது அம்மொழியின் மரபு. அதே மரபு ‘ஐ டோண்ட் சீ நத்திங்’ என்று ஆங்கிலத்தில் நுழைகிறது. தொழிலைக் கூறும்போது ‘சோய் மாயெஸ்த்ரோ’ என்பதில் ‘ஏ’ என்பதற்கு நிகரான சொல் இல்லை. ஆதலின் ‘ஐ ஆம் டீச்சர்’ என்பர். இவற்றைக் கண்ட ஆசிரியர், தாய்மொழியறிவு ஓர் ஒளிவிளக்கு என்று லேடோவைப் போற்றுவதில் தவறில்லை.

ஆனால் விளக்கு எட்டாத இடமும் உண்டு. ஆங்கிலத்தில் படர்க்கை ஒருமை நிகழ்கால வினை ‘எஸ்’ என்னும் ஈறு பெறும். ‘ஹி ஒர்க்ஸ்’ என்பது வழக்கு. ஒவ்வோர் இடத்திற்கும் வெவ்வேறு விகுதி கொண்ட மொழியில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஒற்றை ஈறு விளையாட்டாக வர வேண்டும் அன்றோ? அவ்வாறு வருவதில்லை. ஸ்பானியப் பிள்ளையும் ‘ஹி ஒர்க்’ என்றே நெடுநாள் எழுதுகிறான். என் பள்ளியின் தமிழ்ப் பிள்ளைகளும் அவ்வாறே எழுதுகின்றனர். வினை விகுதியே அறியாத சீன மொழியினரும் அவ்வாறே எழுதுவர். மூன்று மொழிப் பிள்ளைகளும் ஒரே பிழையைச் செய்தால், குற்றத்தை எந்தத் தாய்மொழியின்மேல் ஏற்றுவது?

இவ்வினா வெறும் வகுப்பறை அனுபவத்தில் எழுந்ததன்று. 1974ஆம் ஆண்டில் ஹைடி டுலே, மரினா பர்ட் என்னும் இரு ஆய்வாளர்கள், ஆறு முதல் எட்டு வயது வரையுள்ள 60 ஸ்பானியப் பிள்ளைகளையும் 55 சீனப் பிள்ளைகளையும் அமெரிக்காவில் ஆராய்ந்தனர். 11 ஆங்கில இலக்கணக் கூறுகள் எந்த வரிசையில் படிகின்றன என்று பார்த்தனர். வரிசை இரு சாராரிடமும் பெரிதும் ஒத்திருந்தது. மேற்கூறிய ‘எஸ்’ ஈறு இரு சாராரிடமும் பிந்திப் படிந்தவற்றுள் ஒன்றாகும்.

வேற்றுமையும் இடர்ப்பாடும் ஒன்றே என்னும் கருத்துக்கு இன்னொரு தடையும் உண்டு. ‘இரு’ என்னும் பொருளில் ஸ்பானிய மொழிக்கு ‘செர்’, ‘எஸ்தார்’ என இரு வினைகள் உள. ஆங்கிலத்திற்கோ ‘பீ’ என்னும் ஒன்றே. வேற்றுமை இரு பக்கத்தார்க்கும் ஒன்றுதான். எனினும் ஸ்பானிய மொழி கற்கும் ஆங்கிலேயர் இவ்விரண்டிடையே திண்டாடுவர். ஆங்கிலம் கற்கும் ஸ்பானியரோ இரண்டையும் ஒன்றாக்கி எளிதில் கடந்து செல்வர். 1965இல் ஸ்டாக்வெல், போவன், மார்ட்டின் ஆகிய மூவரும் இவ்விரு மொழிகளின் இலக்கண அமைப்பை ஒப்பிட்டு எழுதிய நூலில், வேற்றுமைகளையெல்லாம் ஒரே தட்டில் வைக்காமல் இடர்ப்பாட்டின் படிநிலைகளாக வகுத்தனர். லேடோவின் வழிவந்தோரே அவர் கொள்கைக்குத் திருத்தம் கண்டனர் என்பது அவர்தம் நேர்மைக்குச் சான்று.

இனி, பிழையின் மற்றொரு வகையையும் நோக்குவோம். ‘எஸ்’ ஈற்றைக் கற்றுக்கொண்ட பிள்ளை சில நாளில் ‘டஸ் ஹி ஒர்க்ஸ்?’ என்று வினவுகிறான். ஈறு ஈரிடத்தும் வந்துவிட்டது. இதற்கு ஸ்பானிய மொழியில் மூலம் இல்லை. தான் கண்ட விதியைத் தானே நீட்டிப் பார்க்கும் முயற்சி இது. மாணவனின் பிழை அவன் உள்ளத்தில் உருவாகிவரும் இலக்கணத்தைக் காட்டும் சான்று என்று 1967இல் பிட் கார்டர் விளக்கியது இதனைத்தான். இத்தகைய பிழை வளர்ச்சியின் அடையாளம். இதற்குச் சிவப்பு மையால் கோடிடுவது எளிது. அதன் பின்னுள்ள சிந்தனையை அறிந்து வழிகாட்டுவதே ஆசிரியத் தொழில்.

மறுதலையாக, தாய்மொழிக்குப் பங்கே இல்லை என்போர் கூற்றும் ஏற்கத்தக்கதன்று. ‘ஐ ஹேவ் டென் இயர்ஸ்’ என்பது ‘டஸ் ஹி ஒர்க்ஸ்?’ போல எல்லா மொழியினரிடமும் பொதுவாகக் காணப்படும் பிழையன்று. அது தாய்மொழியின் முத்திரை தாங்கியது. ஆகவே நல்ல இலக்கண நூல் இருவகைப் பிழைகளையும் பிரித்துக் காட்டுதல் வேண்டும். முதல்வகைக்கு இரு மொழித் தொடர்களையும் அருகருகே வைத்து விளக்கினால் போதும். இரண்டாம் வகைக்கு விளக்கம் பயன்படாது. மிகுதியான வாசிப்பும் பேச்சும் காலமும் பொறுமையுமே மருந்து.

இப்பிரிவினை வெறும் நூலார் வாதம் அன்று. பிழையெல்லாம் தாய்மொழியால் வருவன என்று நம்பினால், அடுத்துத் தோன்றும் எண்ணம் தாய்மொழியை வகுப்பறைக்கு வெளியே நிறுத்துவதேயாம். டெக்சஸ் மாநிலம் 1918இலேயே ஆங்கிலமல்லாத மொழியில் பாடம் கற்பிப்பதைக் குற்றமாக்கியது. ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகத் தம் வீட்டு மொழியைப் பள்ளி வாயிலில் விட்டுவிட்டு நுழைய வேண்டியதாயிற்று. அமெரிக்க நாடு இருமொழிக் கல்விச் சட்டம் இயற்றியது 1968இல்தான். அத்தடைக்கு லேடோவின் நூல் காரணமன்று; அவர் தாய்மொழியை வெறுத்தவரும் அல்லர். ஆயினும், தாய்மொழி இடையூறு என்னும் சொல் ஒருமுறை ஆசிரியர் அறைக்குள் புகுந்துவிட்டால், அதைத் தம் விருப்பம்போல் வளைத்துக்கொள்வோர் எங்கும் உளர். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாகிய நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

லேடோவின் நூலை ஆசிரியர்கள் படிக்க வேண்டும் என்பதே என் முடிபு. மாணவனின் தாய்மொழியை ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும் என்று அது கூறும் அறிவுரை என்றும் வாடாதது. ஆனால், அதன் வேற்றுமைப் பட்டியலைப் பிழைப் பட்டியலாகக் கொள்ளற்க. ஒரு பிள்ளை ‘ஹி ஒர்க்’ என்று எழுதும்போது, உன் மொழி உன்னைக் கெடுத்தது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அஃது உண்மையும் அன்று.