வழக்குரையும் குளிர்த்தியும்: கண்ணகி கதையில் தண்டனையும் மன்னிப்பும்

சிலப்பதிகாரத்தை நீதி கேட்ட காப்பியம் எனப் போற்றுவது நம்மிடையே மரபாகிவிட்டது. பாடநூல்களிலும் பட்டிமன்ற மேடைகளிலும் கண்ணகி சிலம்பேந்தி அரசன்முன் நிற்கும் காட்சியே முதன்மை பெறுகின்றது. ஆயின் நீதி கேட்டதன் பின்னர் நிகழ்ந்தவை யாவை என்னும் வினா அத்துணைக் கூர்மையாக எழுப்பப்படுவதில்லை. பெருங்குற்றம் இழைத்தவன் தண்டிக்கப்படுதல் வேண்டுமா, மன்னிக்கப்படுதல் வேண்டுமா, இவற்றுள் எது பாதிக்கப்பட்டோர்க்கு நீதியாகும் என்னும் கேள்விகளுக்கு விடை தேடுவோர், காப்பியத்தின் பிற்பகுதியையே ஊன்றி நோக்குதல் வேண்டும்.

முதலில் வழக்குரை காதையை எடுத்துக்கொள்வோம். கோவலன் கொல்லப்பட்டமைக்கு விசாரணையின்மையே காரணம். பொற்கொல்லனின் சொல்லை நம்பிய பாண்டியன் சான்று எதனையும் கோரவில்லை. கண்ணகியோ சான்றுடன் வருகின்றாள். தேவியின் சிலம்பில் முத்தும் தன் சிலம்பில் மாணிக்கமும் பரலாக உள்ளமையைச் சிலம்பை உடைத்தே மெய்ப்பிக்கின்றாள். அரசன் வாதாடவில்லை, பழியை அமைச்சர்மீதோ காவலர்மீதோ சுமத்தவுமில்லை. தானே கள்வன் என ஏற்று உயிர் நீக்கின்றான். குற்றவாளி குற்றத்தை ஒப்பி, தனக்குரிய தண்டனையையும் தானே ஏற்றுவிட்டான். அவனைத் தொடர்ந்து தேவியும் இறக்கின்றாள். நீதி நிறைவேறியது என்று காப்பியத்தை இவ்விடத்தில் முடித்திருத்தல் இயலும்.

ஆனால் இளங்கோ அவ்வாறு முடிக்கவில்லை. அரசன் மாண்ட பின்னரே மதுரை எரிகின்றது. அந்தணர், அறவோர், பசுக்கள், பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விலக்கித் தீயோரையே சேருமாறு கண்ணகி தீக்கடவுளை ஏவுகின்றாள் என்பது உண்மையே. எனினும் குற்றவாளியின் இறப்பு அவள் சினத்தைத் தணிக்கவில்லை என்பதும் அதே அளவு உண்மையாகும். தண்டனை குற்றவாளியின் கணக்கைத் தீர்க்கலாம். இழந்தவளின் இழப்பை அது தீர்ப்பதில்லை. இவ்வுண்மையை மிகைப்படுத்தாது காட்டியமை இளங்கோவின் பெருமையாகும்.

கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு ஆறுதல் கூற முன்வருகின்றது. முற்பிறப்பில் பரதன் என்னும் பெயருடன் சிங்கபுரத்தில் வாழ்ந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான் என்றும், சங்கமனின் மனைவி இட்ட சாபமே இப்போது பலித்தது என்றும் அது உரைக்கின்றது. ஊழ்வினைக் கொள்கையை நிலைநாட்டும் காப்பிய உத்தி என இதனைப் பலர் விளக்குவர். அவ்விளக்கம் பொருந்துமாயினும் அதில் ஓர் ஆபத்து உண்டு. கொலையுண்டவனையே குற்றவாளியாக்கும் ஆறுதல் அது. ஒவ்வொரு கொலைக்கும் முற்பிறப்பில் ஒரு கணக்கு உண்டெனின், எந்த அரசனிடமும் எவரும் வழக்குரைக்க வேண்டியதில்லை. வழக்குரை காதை வென்ற நியாயத்தை அதற்கு மூன்றாவதாக வரும் காதையே தளர்த்திவிடுகின்றது.

வஞ்சிக் காண்டத்தில் இதனினும் கொடிய செய்தி ஒன்று வருகின்றது. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், பத்தினிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரை ஒரு பகலில் பலியிட்டான் என நீர்ப்படைக் காதையும் உரைபெறு கட்டுரையும் கூறுகின்றன. பொய்யுரைத்தவன் ஒருவன், மாண்டவர் ஆயிரவர். கண்ணகி அப்பலியைக் கேட்டதாகக் காப்பியம் கூறவில்லை. பாதிக்கப்பட்டவளின் பெயரால் அரசு தன் பழியைத் தொழிலாலும் குலத்தாலும் இனங்காணப்பட்ட ஒரு கூட்டத்தின்மீது இறக்கிவைக்கின்றது. அதன் பின்னர் மழை பொழிந்து நாடு செழித்தது எனக் காப்பியம் அமைதி காண்கின்றது. இவ்விடத்தில் இளங்கோவைக் கண்டிக்கத் தயங்கும் திறனாய்வு, திறனாய்வு ஆகாது.

இப்பின்னணியிலேயே வாழ்த்துக் காதையை நோக்குதல் தகும். அங்கே தெய்வ வடிவிற் தோன்றும் கண்ணகி, பாண்டியன் தீதற்றவன் எனவும் தான் அவன் மகள் எனவும் கூறுகின்றாள். ஆயிரவர் உயிரைக் கொண்ட பலியினாற் பெறமுடியாத ஒன்றை இச்சொற்கள் தருகின்றன. இம்மன்னிப்பு எப்போது, யாரால் வழங்கப்படுகின்றது என்பது மனங்கொளத்தக்கது. வழக்குக் கேட்கப்பட்டது, சான்று காட்டப்பட்டது, குற்றவாளி குற்றத்தை ஏற்றான். இவை யாவும் முடிந்த பின்னரே மன்னிப்பு வருகின்றது. அதனை வழங்குபவளும் இழந்தவளே. அவள் சார்பில் வேறெவரும் வழங்கவில்லை.

மணிமேகலையிலும் இதே ஒழுங்கு உண்டு. மகன் உதயகுமரனை இழந்த இராசமாதேவி, கொலையில் தொடர்பற்ற மணிமேகலையைப் பித்தேற்றவும் பழிப்படுத்தவும் முயல்கின்றாள். முயற்சிகள் யாவும் பிழைத்தபின் தன் தவற்றை உணர்ந்து பொறுத்தருள வேண்டுகின்றாள். பொறுத்தவள் துன்புற்ற மணிமேகலையே.

நம் காலத்து நிகழ்வொன்றையும் ஒப்புநோக்கலாம். தென்னாபிரிக்காவில் 1995 இன் சட்டத்தினால் அமைந்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு, அரசியல் நோக்குடன் இழைத்த குற்றத்தை முழுமையாக வெளிப்படுத்தியோர்க்கு மன்னிப்பு வழங்க வழிசெய்தது. உண்மை வெளிவந்தது என்பது பெரும்பேறே. ஆயின் மன்னிப்பை அளித்தது அரசு. மன்னிப்புப் பெற்றவர்மீது வழக்குத் தொடரும் உரிமையை உறவினர் இழந்தனர். 1977 இல் பொலிஸ் காவலில் இறந்த ஸ்டீவ் பிகோவின் குடும்பத்தாரும் அச்சட்டத்தை எதிர்த்து வழக்காடினர். அரசியலமைப்பு நீதிமன்றம் 1996 இல் அதனை நிராகரித்தது. பிறர் பொருட்டு மன்னிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டா என்னும் வினா அத்தீர்ப்புடன் தீர்ந்துவிடவில்லை.

மட்டக்களப்புப் பிரதேசத்துக் கண்ணகி அம்மன் ஆலயங்களில் வைகாசித் திங்களில் நிகழும் சடங்குகள் இவ்வகையில் ஆழ்ந்த பொருளுடையன. கதவு திறத்தலுடன் தொடங்கும் அச்சடங்குகளில் கண்ணகி வழக்குரை பாடப்படும். இறுதியிலேயே அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி நிகழும். வழக்கை முழுமையாகப் பாடாது எவரும் அம்மனைக் குளிரச் சொல்வதில்லை. தண்டனையா மன்னிப்பா எனப் பிரித்து வாதிடும் நாம், அவ்விரண்டுக்கும் முன்னர் நிகழவேண்டியது ஒன்றுண்டு என்பதை மறந்துவிடுகின்றோம். இழந்தவர் கூறுவது இறுதிவரை கேட்கப்படல் வேண்டும். அதன்பின் குளிர்வதும் குளிராததும் அவர்தம் உரிமையாகும்.